பகிர்ந்தால் குறையுமா, கூடுமா?

போன மாதம் மூன்று நண்பர்கள் என்னிடம் ஒரே புகாரைச் சொன்னார்கள். எனக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டதாம். "கோபமா சார்? எங்களை பிளாக் பண்ணிட்டீங்களா?" என்று ஒருவர் போன் போட்டே கேட்டுவிட்டார். எழுபதைத் தாண்டிய பிறகு யார் மேல் கோபம்? கணினியைத் திறந்து பார்த்தால் மேலே சிவப்புக் கோடு. இடம் நிரம்பிவிட்டது, இனி கடிதம் வராது, போகாது என்ற அறிவிப்பு. அது வந்து எத்தனை நாள் ஆயிற்றோ தெரியாது. இந்த மாதிரி அறிவிப்புகளை நான் சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டர் போலப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுகிற ஆள்.

எதை அழிப்பது என்று தேடும்போது முதலில் கண்ணில் பட்டவை, மற்றவர்கள் என்னோடு பகிர்ந்துகொண்ட ஃபோல்டர்கள்தாம். மகன் அனுப்பிய பேரன் படங்கள், தங்கை மகள் கல்யாண வீடியோ, பென்ஷன்தாரர் நண்பர்கள் போட்டு வைத்த அரசாணைகள் என்று வரிசையாக இருந்தன. "இவ்வளவு பேருடைய சாமான் என் வீட்டில் கிடக்கிறதே, இடம் எப்படி இருக்கும்?" என்று நினைத்து அழிக்கப் போனேன். நல்ல வேளையாக அன்று சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடக்கப் போனேன்.

அங்கே எங்களுக்கு ஒரு சிறிய கூட்டம் உண்டு. காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுக் கலைவோம். நான் என் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னதும் கூட்டத்தில் ஒருவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அவருக்கும் அதே சிவப்புக் கோடு வந்ததாம். பெங்களூரில் இருக்கும் மகள் பகிர்ந்திருந்த ஃபோல்டருக்குள் போய், பெரிய வீடியோக்களாகப் பார்த்து ஒவ்வொன்றாக அழித்திருக்கிறார். ஒரு மணி நேர வேலை. முடித்துவிட்டுப் பார்த்தால் சிவப்புக் கோடு ஒரு நூல் கூட நகரவில்லை. ராத்திரி மகளிடமிருந்து போன் வந்தது: "அப்பா, பாப்பா முதல்ல நடந்த வீடியோவைக் காணோம், நீங்க ஏதாவது தொட்டீங்களா?"

அந்த வீடியோக்களின் எடை அவர் கணக்கில் ஏறவே இல்லை. எல்லாம் மகள் கணக்கில் இருந்தன. ஆனால் அழிக்கிற உரிமையை மகள் அவருக்கும் கொடுத்திருந்தாள், அப்பாதானே என்று. ஆக, தனக்கு ஒரு துளி இடமும் கிடைக்காமல் மகள் வீட்டுச் சாமானைத் தூக்கி எறிந்திருக்கிறார். மகளுடைய குப்பைத் தொட்டியில் முப்பது நாள் வரை கிடக்கும் என்பதால் எல்லாம் திரும்பக் கிடைத்தன. கிடைக்கும் வரை மனிதர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி. ஒருவர் ஒரு ஃபோல்டரை ஐந்து பேருக்குப் பகிர்ந்தால், அதன் எடை யார் தலையில் ஏறுகிறது? அலுவலகத்தில் இருந்தபோது விதிப் புத்தகத்தைத் தேடிப் படித்த பழக்கம் இன்னும் போகவில்லை. இதையும் உட்கார்ந்து படித்தேன். நம் வயதுக்காரர்களுக்கு உதவும் என்று நினைத்து, படித்ததையும் என் அபிப்பிராயத்தையும் எழுதுகிறேன்.

விஷயம் இரண்டு வகையாகப் பிரிகிறது.

முதல் வகையில், பொருள் யாருடையதோ அவர் கணக்கில் மட்டும் எடை ஏறும். கூகுள் டிரைவ், மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ், ஆப்பிளின் ஐகிளவுட் மூன்றும் இப்படித்தான். இலவசமாகக் கொடுக்கிற இடம் கூகுளில் 15 ஜிபி, மற்ற இரண்டிலும் 5 ஜிபி. உங்களோடு பகிரப்பட்ட ஃபோல்டர் எவ்வளவு பெரிதானாலும் உங்கள் இடத்தில் ஒரு எம்பி கூடக் குறையாது. நீங்கள் பார்க்கலாம், படிக்கலாம், அனுமதி இருந்தால் திருத்தலாம்.

ஆனால் இந்த மூன்றுக்குள்ளும் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது. ஒன்டிரைவிலும் ஐகிளவுடிலும் ஃபோல்டரின் சொந்தக்காரர் தலையில்தான் எல்லாம் விழும். நீங்கள் ஒரு ஃபோல்டர் திறந்து பத்து உறவினர்களைச் சேர்த்தீர்கள் என்றால், அவர்கள் போடுகிற கல்யாண வீடியோ எல்லாம் உங்கள் 5 ஜிபியைத்தான் தின்னும். கூகுளில் அப்படியில்லை. யார் ஏற்றினாரோ அவரே அந்தக் கோப்புக்குச் சொந்தக்காரர். என் மகன் திறந்த ஃபோல்டருக்குள் நான் பத்துப் படம் போட்டால், அந்தப் பத்துப் படமும் என் 15 ஜிபியில்தான் கழியும். "மகன் ஃபோல்டர்தானே, அவன் கணக்கில் போகட்டும்" என்று நினைத்து நான் இரண்டு வருஷமாகப் படங்களை அடுக்கிக்கொண்டு வந்தது இப்படித்தான் வீணானது.

கூகுளின் 15 ஜிபி என்பது டிரைவுக்கு மட்டுமல்ல. ஜிமெயில், கூகுள் ஃபோட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பானைதான். 2021 ஜூன் 1க்கு முன் குறைந்த தரத்தில் ஏற்றிய படங்களுக்குக் கணக்குக் கிடையாது. அதற்குப் பிறகு ஏற்றிய எல்லாவற்றுக்கும் உண்டு. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் எடுத்து வைக்கிற பிரதியும் 2024 முதல் இந்தப் பானையில்தான் விழுகிறது. தினமும் காலையில் வரும் ரோஜாப்பூவும் சூரியோதயமும் எங்கே போய்ச் சேருகின்றன என்று இப்போது புரிகிறதா? குப்பைத் தொட்டிக்கு அனுப்பியதும் அங்கிருந்து முழுதாகப் போகும் வரை எடை எடைதான். பானை நிரம்பினால் முதலில் அடிபடுவது கடிதப் போக்குவரத்து.

ஆப்பிளில் ஒரு விதிவிலக்கு. படங்களைப் பகிர்வதற்கென்றே இருக்கிற ஷேர்ட் ஆல்பம் யாருடைய கணக்கிலும் ஏறாது. ஒரு ஆல்பத்தில் 5,000 படங்கள் வரை வைக்கலாம். ஆனால் படங்களை அளவு சுருக்கித்தான் வைப்பார்கள். பார்ப்பதற்குப் போதும், பெரிதாக அச்சுப் போட்டு மாட்டுவதற்கு அசல் படம் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது வகை டிராப்பாக்ஸ். அங்கே இலவச இடம் 2 ஜிபி. பகிர்ந்த ஃபோல்டரில் யார் யார் சேர்ந்திருக்கிறார்களோ, அத்தனை பேர் கணக்கிலும் அதன் முழு எடையும் ஏறும். படிக்க மட்டும் அனுமதி கொடுத்திருந்தாலும் ஏறும். 600 எம்பி ஃபோல்டர் ஒன்றில் ஆறு பேர் சேர்ந்தால், ஒவ்வொருவருக்கும் 600 எம்பி கழியும். ஆறு பேருக்கும் சேர்த்தால் 3,600 எம்பி. ஒருவர் ஒரு வரியைத் திருத்தினால் ஆறு பேருக்கும் மாறுகிறது, அதாவது எல்லோரும் பார்ப்பது ஒரே கோப்பு. எடை மட்டும் ஆறு தடவை. உங்களுக்கு மிச்சம் இருக்கிற இடத்தைவிடப் பெரிய ஃபோல்டர் என்றால் சேரவே முடியாது. ஃபோல்டரில் சேராமல், லிங்க் மட்டும் வாங்கிப் பார்த்துக்கொண்டால் எடை ஏறாது.

இதைப் படித்ததும் எனக்கு என் பிரெஞ்சு வகுப்பு நினைவுக்கு வந்தது. பிரெஞ்சில் 'பர்த்தாஜே' என்று ஒரு வினைச்சொல். கேக்கைத் துண்டு போடுவதற்கும் அதுதான், இருப்பதைச் சேர்ந்து அனுபவிப்பதற்கும் அதுதான். நம் தமிழில் 'பகிர்' என்பதும் அப்படித்தானே. பகுத்துக் கொடுப்பதுதான் பகிர்வு. இரண்டு மொழியிலும், பகிர்ந்தால் ஆளுக்குக் கொஞ்சம் குறையும் என்பதே பொருள். ஒரு சுமையை ஆறு பேர் பகிர்ந்து தூக்கினால் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. இந்த மேகத்தில் மட்டும் ஒரு சுமையை ஆறு பேர் பகிர்ந்தால் ஆறு சுமை ஆகிறது.

என் மனம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பாகம் பிரிக்காத வீடு ஒன்று இருக்கிறது, ஐந்து அண்ணன் தம்பிக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்வோம். நகராட்சி அந்த வீட்டுக்கு வரியை ஒரு தடவைதான் வாங்கும். ஐந்து பேரிடமும் தனித்தனியாக முழு வரி கேட்டால் ஊரே சிரிக்கும். எங்கள் அலுவலகத்திலும் ஒரு மேஜை ஒரு பதிவேட்டில்தான் இருக்கும். மூன்று பேர் அந்த மேஜையில் எழுதுகிறார்கள் என்பதற்காக மூன்று பதிவேட்டில் ஏற்றினால் தணிக்கைக்காரர் விடமாட்டார்.

எதிர்த் தரப்பையும் சொல்ல வேண்டும். எடை சொந்தக்காரருக்கு மட்டும் என்று வைத்தால், ஒரே ஆள் பத்து இலவசக் கணக்கு திறந்து, பத்தையும் தனக்கே பகிர்ந்துகொண்டு பத்து மடங்கு இடத்தை ஓசியில் அனுபவிக்கலாம். எல்லோர் கணக்கிலும் ஏற்றினால் அந்தத் தந்திரம் பலிக்காது. தவிர, டிராப்பாக்ஸில் சேர்கிறவர் தன் கணினியில் அந்தச் செயலியைப் போட்டிருந்தால், ஃபோல்டரின் பிரதி அங்கே வந்து இறங்கும்படி வைத்துக்கொள்ளலாம். ஆக அவரும் ஒரு பிரதி வைத்திருப்பவர்தான். இந்த நியாயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் "இலவசம் என்று கூப்பிட்டுவிட்டு, விருந்தாளி கொண்டு வந்த பலகாரத்தையும் எடை போடுகிறார்களே" என்று கடற்கரையில் சத்தமாகவே சொன்னேன்.

அப்படிச் சொன்னவன் இப்போது பாதி வாக்கை வாபஸ் வாங்குகிறேன். காரணம் என் அண்ணன்.

அண்ணன் எங்களில் மூத்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரு வேலை அமைந்தது. வீட்டில் இருந்த பழைய தகரப் பெட்டியைத் திறந்து, அப்பாவின் எத்தா சிவில் காகிதங்கள், தாத்தா காலத்து நொத்தேர் பத்திரங்கள், எங்கள் பள்ளிச் சான்றிதழ்கள், கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, தேதி எழுதி, பெயர் எழுதி அடுக்கினார். ஐந்து வருஷ வேலை. மொத்தம் 4 ஜிபி வந்தது. காரைக்காலில் ஒரு தங்கை, பிரான்சில் ஒரு தம்பி, இங்கே நான், பிள்ளைகள் என்று எல்லோருக்கும் பகிர்ந்தார். தம்பிக்கு அங்கே ஏதோ ஒரு அலுவலகத்தில் அப்பாவின் பிறப்புப் பத்திரம் கேட்டபோது, அதைப் போனிலேயே திறந்து காட்டியிருக்கிறான்.

அண்ணன் வைத்திருந்தது முதல் வகை. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. எங்கள் யாருக்கும் ஒரு எம்பி கூடச் செலவில்லை. முழுச் சுமையும் அவர் கணக்கில். எங்களுக்கு அது கூடத் தெரியாது. 'நம்ம குடும்ப ஃபோல்டர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன் போய்விட்டார். கருமாதி முடிந்தது. அண்ணி அவருடைய போனைப் பேரனிடம் கொடுத்தார். அவன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விளையாட வைத்துக்கொண்டான். சிம் கார்டுக்கு யாரும் பணம் கட்டவில்லை, எண் போயிற்று. இதில் யார் மேலும் குற்றமில்லை. செத்தவருடைய போனை என்ன செய்வது என்று எந்தச் சடங்கிலும் சொல்லவில்லையே.

ஃபோல்டர் மட்டும் எப்போதும் போலத் திறந்துகொண்டிருந்தது. எனக்கு அதில் ஒரு ஆறுதல் கூட இருந்தது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் திறந்து பார்ப்பேன். ஒரு நாள் தம்பி மகன் வந்திருந்தபோது காட்டினேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "பெரியப்பா, இது யார் அக்கவுண்ட்ல இருக்கு?"

"நம்ம எல்லாருக்கும் ஷேர் பண்ணியிருக்காருப்பா."

"அது சரி பெரியப்பா. உங்க இடத்துல இது ஒண்ணும் எடுத்துக்கலையே, கவனிச்சீங்களா? எடுத்துக்கலேன்னா இது உங்ககிட்ட இல்லேன்னு அர்த்தம். அது மூத்த பெரியப்பா அக்கவுண்ட். அதுக்குள்ள இனி யாரும் போகப் போறதில்ல. ரொம்ப நாள் யாரும் திறக்காத அக்கவுண்டை அவங்க மூடிடலாம். மூடினா இதுவும் போயிடும்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நேரு வீதியில் போய் 64 ஜிபி பென் டிரைவ் இரண்டு வாங்கி வந்தோம். ராத்திரி பதினொரு மணி வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 4 ஜிபியும் இறங்கியது. ஒரு பிரதி எனக்கு, ஒரு பிரதி தங்கைக்கு, தம்பிக்கு இணையத்தின் வழியே ஒன்று.

இறங்காதது ஒன்று உண்டு. அம்மா கடைசிக் காலத்தில் பாடிய ஒரு தாலாட்டை அண்ணன் போனில் பதிவு செய்து வைத்திருந்தார். எங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அது அவர் கணக்கில் எங்கோ இருக்கிறது, ஆனால் பகிர்ந்த ஃபோல்டரில் இல்லை. அடுத்த ஸ்கேன் வேலையோடு சேர்த்துப் போடலாம் என்று நினைத்திருப்பார். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. அதை மாற்ற வேண்டும் என்றால் அந்தப் பழைய எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி போகும். அந்த எண் இன்று யாரிடம் இருக்கிறதோ.

இதற்குப் பிறகுதான் டிராப்பாக்ஸ் விதியை மறுபடி யோசித்தேன். எடை ஏறாத பொருள் கையில் இல்லாத பொருள். அண்ணன் சுமந்தார், நாங்கள் பார்த்தோம். சுமந்தவர் போனதும் எங்கள் கையில் இருந்தது வெறும் பார்வை. ஒருவேளை அந்த 4 ஜிபியில் ஆளுக்கு ஒரு பங்காவது எங்கள் தலையில் ஏறியிருந்தால், "இது என்ன, ஏன் என் இடத்தை எடுக்கிறது?" என்று அன்றே கேட்டிருப்போம். கேட்டிருந்தால் அண்ணன் உயிரோடு இருக்கும்போதே பதில் தெரிந்திருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. தினசரிப் பழக்கத்துக்கு முதல் வகைதான் நியாயம். ஒரு பொருள், ஒரு கணக்கு, ஒரு சொந்தக்காரர். பேரன் படம் பார்ப்பதற்காகத் தாத்தாவின் கடிதப் பெட்டி அடைபடக் கூடாது. ஆனால் எது போனால் திரும்பக் கிடைக்காதோ, அது நம் கணக்கிலும் எடை ஏற வேண்டும். அந்த எடையைச் சந்தோஷமாகச் சுமக்க வேண்டும்.

நிறுவனங்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு, அது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. இந்த விதிகளை உதவிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள், மறைக்கவில்லை. ஆனால் தேடிப் போகிறவனுக்குத்தான் தெரியும். பகிர்ந்த ஃபோல்டரை ஒருவர் முதல் முறை திறக்கும்போதே மூன்று வரி காட்டினால் என்ன? 'இதன் எடை இன்னார் கணக்கில் ஏறும். நீங்கள் இதில் அழித்தால் எல்லோருக்கும் அழியும். இன்னாரின் கணக்கு மூடப்பட்டால் இதுவும் போகும்.' தமிழில் காட்டினால் இன்னும் நல்லது. ஆபீசில் ஒரு பேனா ஸ்டாண்டைக் கொடுத்தால் கூட 'யார் பொறுப்பு' என்று ஒரு காலம் இருக்கும். ஒரு குடும்பத்தின் அறுபது வருஷக் காகிதத்துக்கு அந்தக் காலம் வேண்டாமா?

அவர்கள் செய்யும்போது செய்யட்டும். நாம் இன்றே செய்யக் கூடியவை சில.

இடம் நிரம்பினால் பிறர் பகிர்ந்த ஃபோல்டருக்குள் போய் எதையும் அழிக்காதீர்கள். ஃபோல்டரை விட்டு வெளியேறுவது வேறு, உள்ளே இருப்பதை அழிப்பது வேறு. டிராப்பாக்ஸில் இடம் வேண்டுமானால் அந்த ஃபோல்டரை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு அப்படியே இருக்கும், நீங்களும் பிறகு திரும்பச் சேரலாம். மற்ற மூன்றில் வெளியேறினாலும் உங்களுக்கு இடம் கூடாது, ஏனென்றால் அது உங்கள் எடையே இல்லை. அங்கே முதலில் பார்க்க வேண்டியவை பெரிய வீடியோ, பழைய கடிதங்களின் இணைப்புகள், கடைசியாகக் குப்பைத் தொட்டி. எனக்கு வாட்ஸ்அப் வீடியோக்களை அழித்ததிலேயே 5 ஜிபிக்கு மேல் கிடைத்தது. நீங்கள் அனுப்பிய கடிதங்கள் இனி திரும்பி வராது.

உங்கள் குடும்ப ஃபோல்டர் யார் கணக்கில் இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். அதில் இருக்கும் அருமையான காகிதங்களையும் படங்களையும் உங்கள் கணக்கில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி எடுங்கள். அந்தப் பிரதி உங்கள் இடத்தை எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளட்டும். இலவச இடம் போதாவிட்டால், மாதம் ஒரு சிறு தொகை கட்டிக் கூடுதல் இடம் வாங்குவதும் தப்பில்லை. பேப்பர்காரருக்குக் கொடுக்கிறோமே.

பொருள் உங்கள் கணக்கில் இருந்தால் வாரிசைச் சொல்லி வையுங்கள். கூகுளில், இரண்டு வருஷம் பயன்படுத்தாத கணக்கை அழிக்கலாம் என்பது விதி. அதற்கு முன்பே, கணக்கு சும்மா கிடந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைக்க அங்கேயே வசதி இருக்கிறது. மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை கெடு வைக்கலாம், பத்துப் பேர் வரை பெயர் கொடுக்கலாம். ஆப்பிளிலும் தனக்குப் பின் இன்னார் என்று நியமிக்கும் ஏற்பாடு 2021 கடைசியில் வந்துவிட்டது. நான் இரண்டு பேரைப் போட்டிருக்கிறேன். ஒன்று மகன், ஒன்று அந்தத் தம்பி மகன்.

வேலையில் இருந்த காலத்தில் மாற்றல் வந்தால் உடனே கிளம்பிவிட முடியாது. அலமாரிச் சாவி, கோப்புகள், முத்திரை, பாக்கி வேலை என்று எல்லாவற்றுக்கும் சார்ஜ் லிஸ்ட் எழுதி, வருகிறவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருப்போம். அண்ணனுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. நமக்கு இன்றைக்குக் கிடைத்திருக்கிறது.

பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் நான் என் சார்ஜ் லிஸ்டை எழுத ஆரம்பித்திருக்கிறேன். முதல் பக்கத்தில் எந்தக் கணக்கில் என்ன இருக்கிறது, இரண்டாம் பக்கத்தில் யாருக்கு என்ன. நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

அண்ணனுடைய பழைய டைரிகள் அண்ணி வீட்டில் மூட்டையாக இருக்கின்றன. கடவுச்சொல் எங்காவது எழுதியிருப்பாரா என்று வாரம் ஒரு தடவை போய்ப் புரட்டுகிறேன். கிடைத்தால் இங்கே எழுதுகிறேன்.